வீட்டு ஆளுக்கு ரிப்போர்ட் எதுக்கு

குடும்பத்தில் ஒருத்தி டாக்டருக்குப் படித்துவிட்டால் அவளுக்கு மதியச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது. தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டரில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். காலையிலிருந்து ஒன்றரை மணி வரை டோக்கன் போட்டு வருகிறவர்கள். ஒன்றரைக்கு மேல் டோக்கன் இல்லாமல் வருகிறவர்கள். இவர்களுக்கு முன்வாசல் கண்ணுக்குத் தெரியாது. ஜெனரேட்டர் இருக்கிற பக்கத்துச் சந்து வழியாக, கையில் நாலு முருங்கைக்காயோ ஒரு பை கத்திரிக்காயோ வைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். "சும்மா ஒரு பார்வை பாத்துருட்டி" என்பார்கள். சித்தியின் கல்லீரல், மாமாவின் கிட்னி, ஒன்றுவிட்ட தங்கையின் கர்ப்பப்பை எல்லாம் நான் ஓசியில் பார்த்தவைதான். டிபன் பாக்ஸ் திறந்தபடியே கிடக்கும்.

வெளியாளுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் இருக்கிற பெண் ஒரு ஃபாரம் நிரப்புவாள். எதற்கு வந்திருக்கிறீர்கள், எத்தனை நாளாக, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பீடி சிகரெட் உண்டா, விழுந்தீர்களா, அடிபட்டதா. அதைப் படித்துவிட்டுத்தான் நான் உடம்பில் வைத்துப் பார்க்கிற புரோபைக் கையில் எடுப்பேன். படம் பிடித்து, அளந்து, டைப் அடித்து வந்ததும் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு பயம் வரும். வந்ததும் படத்தை மறுபடி ஒரு தடவை பார்ப்பேன். எத்தனையோ தப்புகளை அந்த இரண்டாவது தடவையில்தான் பிடித்திருக்கிறேன்.

சொந்தக்காரர்களுக்கு இது எதுவும் கிடையாது. அக்காவின் புருஷனைப் பார்த்து "என்னென்ன பழக்கம் உண்டு?" என்று கேட்க முடியுமா? கேட்டால் ஒரு வருடத்துக்கு அது பேச்சாக ஓடும். ரிப்போர்ட் போட்டுத் தரட்டுமா என்றாலே முகம் சுருங்கிவிடும். "வீட்டு ஆளுக்கு ரிப்போர்ட் எதுக்கு? வாயால சொன்னா போதாதா?" என்பார்கள். அப்படி ஒரு நாள் வாயால் சொன்னேன். என் அத்தானுக்குப் பேச்சும் வலது கையும் போய்விட்டன. யாரால் போயின என்று ஊருக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது பொய்க் கணக்கு. உண்மை எனக்கும் இன்னும் சிலருக்கும்தான் தெரியும்.

அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். வீடு இலஞ்சியில். ஐம்பது வயது ஆகவில்லை, சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கல்லுமாதிரி உடம்பு. குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துவிட்டால் அருவியில் பந்தோபஸ்து டியூட்டி. அருவி இரைச்சலை மீறிக் கேட்கும் அவருடைய குரல். "ஏலே, பொம்பளையாளுக பக்கம் என்னலே நோட்டம்?" என்று ஒரு சத்தம் போட்டால் நூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டாக்டர் கொழுந்தியா" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல். எனக்கு அவரைப் பிடிக்கும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நியாயமாக இருக்காது.

அன்றைக்குச் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றே முக்கால் மணிக்குச் சந்து வழியாக வந்தார், யூனிஃபார்மோடு. தொப்பியைக் கழற்றி என் பிரிண்டர் மேல் வைத்தார்.

"கழுத்து இடது பக்கம் கொஞ்சம் வலி இருக்கு, டாக்டர் கொழுந்தியா. உள்ள குழாய் அடைச்சிருக்கான்னு ஒரு பார்வை பாரு. வெரசா பாரு, பெரிய ஆபிசர் குடும்பம் குளிக்க வாராவ, நான் அங்கன நிக்கணும்."

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். இடது கண் மற்றதைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. "தூங்கலையா அத்தான்?" என்றேன்.

"மூணு நாளா டியூட்டி. எங்க தூங்க?"

அதோடு விட்டுவிட்டேன். ஒரு கண் மட்டும் எப்படித் தூக்கம் கெடும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே கண்ணோடு ஒரு கடையநல்லூர்க்காரரோ பாவூர்சத்திரத்துச் சுமைதூக்குகிறவரோ டோக்கனோடு வந்திருந்தால், இமையைத் தூக்கிப் பார்த்திருப்பேன், டார்ச் அடித்துப் பார்த்திருப்பேன்.

கழுத்தில் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய இரத்தக்குழாய் மேலே ஏறுகிறது. தாடை எலும்புக்குக் கீழே அது இரண்டாகப் பிரியும். ஒன்று வெளிக்கிளை, முகத்துக்கும் மண்டைத் தோலுக்கும் போகிறது. இன்னொன்று உள்கிளை, மூளைக்குப் போகிறது. மெஷினில் இரண்டுக்கும் ஓட்டம் அலை அலையாகத் தெரியும், சத்தமும் கேட்கும். முகம் பொறுத்துக்கொள்ளும். இதயம் ஒரு துடிப்பு முடித்து ஓய்கிற நேரத்தில் வெளிக்கிளையில் ஓட்டம் ஏறக்குறைய நின்றுவிடும். மூளை பொறுக்காது. அதற்கு ஓய்வு நேரத்திலும் இரத்தம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதனால் உள்கிளையின் அலை கீழே இறங்கினாலும் தரையைத் தொடாது. இதுதான் பாலபாடம்.

வலது பக்கம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இடது பக்கம் போனேன். கொழுப்பு இல்லை, அடைப்பு இல்லை, சுவர் வழவழவென்று இருந்தது. உள்கிளை என்று நினைத்து ஒரு குழாயில் வைத்தேன். அலை உயரமாக எழும்பிவிட்டு அப்படியே தரைக்கு விழுந்தது. ஓய்வு நேரத்தில் ஒன்றுமே இல்லை. சரி, வெளிக்கிளையில் வைத்துவிட்டேன் போல என்று நினைத்தேன். இந்த இடத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. காதுக்கு முன்னால் நாடி துடிக்கிற இடத்தில் விரலால் படபடவென்று தட்ட வேண்டும். வெளிக்கிளையாக இருந்தால் அந்தத் தட்டு அலையில் நடுக்கமாகத் தெரியும். உள்கிளையில் பெரும்பாலும் தெரியாது. இரண்டு விநாடி வேலை. படிக்க வருகிற பிள்ளைகள் தட்டாமல் விட்டால் நான் வள்ளென்று விழுவேன்.

அப்போது அவருடைய ஃபோன் அடித்தது. படுத்தபடியே எடுத்து, "வந்துட்டேன் சார், வந்துட்டேன்" என்று கழுத்தைத் திருப்பினார். புரோப் நழுவியது. மறுபடி வைத்தேன், பக்கத்தில் இன்னொரு குழாய் கிடைத்தது, அதிலும் அதே மாதிரி அலைதான். இரண்டு கிளையிலும் ஒரே அலை வரக்கூடாது. அதைப் பார்த்தேன். ஒரே குழாயில் இரண்டு தடவை வைத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாம்பார் சாதம் ஆறிப்போய்க் கிடந்தது, எனக்குப் பசி. காரணம் அவ்வளவுதான், இதைவிடப் பெரிய காரணம் எதையும் நான் கண்டுபிடிக்கப் போவதில்லை.

"ஒண்ணுமில்ல அத்தான். சுத்தமா இருக்கு. தலகாணிய மாத்துங்க" என்றேன்.

ஜெல்லைத் துடைத்துக்கொண்டு தொப்பியை எடுத்தார். "பாத்தியா, வீட்ல ஒரு டாக்டர் இருந்தா எவ்வளவு சவுரியம்!" என்று சிரித்துக்கொண்டே போனார். மெஷினில் பேர் போடவில்லை. ஒரு படத்தைக்கூடச் சேமிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அருவிக்கரையில் விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் இரண்டும் தொங்கிவிட்டன. வாய் திறக்கிறது, பேச்சு வரவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டு போனோம். மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேனில் தெரிந்தது. இடது உள்கிளையின் உள்சுவர், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, கிழிந்திருக்கிறது. கிழிந்த சுவருக்குள் இரத்தம் புகுந்து வழியை அடைத்துவிட்டது. அவ்வளவு உயரத்தில் இருக்கிற கிழிசல் என் புரோபுக்கு எட்டாது, அது உண்மை. ஆனால் மேலே வழி அடைந்திருக்கிறது என்று கீழே இருக்கிற அலை சொல்லும். எனக்குச் சொன்னதே! கூடவே அந்தக் கண்ணும் சொன்னது. அந்தக் குழாயைச் சுற்றி ஏறுகிற நரம்பு நசுங்கினால் இமை இறங்கும், கண்பாப்பா சுருங்கும். அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் இரத்தத்தை இளக்குகிற மாத்திரையோடு போயிருக்கலாம். போயிருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. போக வழி இருந்தது.

அங்கே இருந்த சின்ன வயது டாக்டர் கேட்டான்: "முன்னாடி கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் ஏதாவது எடுத்தீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"இல்ல" என்றேன் நான்.

பேப்பர் இல்லை, படம் இல்லை, மெஷினில் பேர் இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குள் ஸ்டேஷன் ஆட்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அருவிக்குப் போகிற வழியில் ஆயில் மசாஜ் செய்கிற ஒரு பெரியவர். விழுகிறதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தான் அவரிடம் எண்ணெய் தேய்த்து, கழுத்தில் சொடக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். தலையை இரண்டு கையாலும் பிடித்துச் சட்டென்று ஒரு திருகு, 'மளுக்' என்று சத்தம், அதற்குப் பெயர் சொடக்கு. சீசனுக்கு வருகிறவர்கள் அதற்கென்றே வரிசையில் நிற்பார்கள். போலீஸ்காரர்களுக்கு அங்கேயும் ஓசி.

சொந்தபந்தம் மொத்தமும் அந்த மனுஷன் மேல் பாய்ந்தது. "சவத்துப் பய கழுத்த முறிச்சுப்போட்டானே!" என்றார்கள். நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பத்துப் பேரை வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருகினால் குழாய் எப்படிக் கிழியும் என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சொன்னதெல்லாம் சரியான மருத்துவம். அதைச் சொன்ன வாயைத்தான் தைத்திருக்க வேண்டும். அக்கா பெட்டிஷன் கொடுத்தாள். அவரை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்து, இனிமேல் அருவிப் பக்கம் தலை தெரியக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

அத்தான் வீட்டுக்கு வந்தார். கைத்தடி வைத்து நடக்கிறார். நாம் சொல்வது புரிகிறது, ஆனால் அவர் வாயில் வருவது "சரி" ஒன்றுதான். தண்ணீர் வேண்டும் என்றாலும் "சரி". கோபம் வந்தாலும் "சரி, சரி, சரி" என்று கத்துகிறார், கத்திவிட்டு அழுகிறார். வலது கை போனதால் எழுதிக் காட்டவும் வழியில்லை. இடது கையால் எழுதலாமே என்றார் ஒரு மாமா. எழுத்தும் பேச்சு இருக்கிற இடத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் போய்விட்டது என்று அவருக்குச் சொன்னேன். எதைக் கேட்டாலும் விளக்கம் சொல்ல நான் இருந்தேன். "ஆனைக்கும் அடி சறுக்கும், யாருக்கு என்ன எழுதியிருக்கோ" என்று பொதுவாக யாராவது சொன்னால் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுக்களைக்குப் போய்விடுவேன்.

அடுத்த வருடம் அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்த வாரம். காலை பதினோரு மணி. டோக்கன் போட்டு, பணம் கட்டி, ஃபாரத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். அறுபதைத் தாண்டியவர், பெரிய உள்ளங்கைகள். ஃபாரத்தில் 'கழுத்து' என்று மட்டும் இருந்தது. படுக்கச் சொன்னேன். படுக்கவில்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல, டாக்டரம்மா. உங்களப் பாக்கணும்னா இப்படித்தான் வர முடியும்னாங்க. நான்தான் அந்த மசாஜ்காரன்."

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நான் ஐயாவுக்கு ரெண்டு தடவ சொடக்கு எடுத்தேம்மா. மொத தடவ எடுத்த அன்னைக்குச் சாயங்காலமே கழுத்து வலிக்குன்னாவ. மறுநா பாக்கேன், இடது கண்ணு இம எறங்கி இருக்கு. எனக்குப் பயம் வந்துட்டு. இத்தன வருசத்துல அப்படிப் பாத்ததில்ல. ஐயா, கழுத்த ஸ்கேன் எடுத்துப் பாருங்கன்னேன். நான் சொல்லித்தான் உங்ககிட்ட வந்தாவ."

"அப்புறம்?" என்றேன்.

"'டாக்டரே பாத்துட்டாளே, ஒண்ணுமில்லையாம், தலகாணிதான் காரணமாம்'னு சிரிச்சாவ. 'வலி போகல, இன்னொரு சொடக்கு எடு'ன்னாவ. நான் மாட்டேன்னுட்டேம்மா. மறுநா காலைல திரும்ப வந்து, 'என் கொழுந்தியாவ விடப் பெரிய டாக்டராலே நீ? எடுலே'ன்னு அரட்டுனாவ. போலீஸ்காரவுக சொன்னா நான் என்ன செய்ய? எடுத்தேன். பத்து நிமிசத்துல விழுந்துட்டாவ."

அதுவரை நான் நினைத்திருந்தது ஒன்று. ஏற்கெனவே கிழிந்திருந்ததை நான் பார்க்கத் தவறினேன், அது தன்பாட்டுக்கு முற்றியது என்று. அந்த ஒரு ஆறுதலில் ஒரு வருடம் ஓட்டியிருந்தேன். கிழிந்த குழாயோடு அவரை இரண்டாவது திருகலுக்கு அனுப்பி வைத்ததே என் வாய்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நீங்க பாத்தப்ப நெசமாவே ஒண்ணும் இல்லையாம்மா? ஒண்ணுமே இல்லன்னா, நான் ரெண்டாவது எடுத்ததுலதான் எல்லாம் போச்சு. பொண்டாட்டி பிள்ளைககிட்ட நான் அப்படித்தான் சொல்லி அழுதுக்கிட்டிருக்கேன். எனக்குத் தெரிஞ்சா போதும். நான் யார்ட்டயும் போய் நிக்க மாட்டேன்."

"இருந்துச்சு அண்ணாச்சி" என்றேன். "நீங்க பாத்தத நானும் பாத்தேன். நான்தான் விட்டுட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "அப்ப சரிம்மா" என்றார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். கதவுவரை போய்விட்டுத் திரும்பிக் கேட்டார்: "அப்ப நான் அருவிக்குப் போலாமா?"



அன்று சாயங்காலம் இலஞ்சிக்குப் போனேன். அத்தான் முன் அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அடுக்களையில் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அலை, தட்டாமல் விட்டது, அந்த மனுஷன் வந்தது, அவர் சொன்னது. அக்கா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்" என்றாள்.

"என்னக்கா சொல்லுத?"

"மசாஜ்காரன் வேண்டாங்கான்னு அவிய என்கிட்ட வந்து சொன்னாவ. நான்தான் சொன்னேன், அவ பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டால்லா, வலிய வச்சிக்கிட்டு ஏன் சங்கடப்படுதிய, போய் எண்ணெ தேச்சிட்டு வாங்கன்னு. நான் சொல்லித்தான் ரெண்டாவது தடவ போனாவ."

கஞ்சி கொதித்தது. அடுப்பைக் குறைத்தாள்.

"அந்த ஆளு மேல கொடுத்த பெட்டிஷன வாபஸ் வாங்கிருவோம்க்கா. பாவம்க்கா."

அப்போதுதான் திரும்பினாள். "கோட்டி பிடிச்சிட்டா உனக்கு? அவன விட்டா அந்த எடத்துல நீயும் நானும்லா நிக்கணும். அவிய மூஞ்சியப் பாத்து நான் எப்படிட்டி சோறு ஊட்டுவேன்? போ. போய் உன் வேலையப் பாரு."

மூன்று நாள் வேலையைத்தான் பார்த்தேன். நாலாம் நாள், ஒன்றரை மணிக்கு மேல், சந்துப் பக்கக் கதவைப் பூட்டிவிட்டு சென்டரின் தாளில் அத்தானுக்கு ரிப்போர்ட் எழுதினேன். எந்தத் தேதியில் பார்த்தேன், இடது பக்கம் என்ன அலை, கண்ணில் என்ன இருந்தது, எதைச் செய்யாமல் விட்டேன், என்ன சொல்லி அனுப்பினேன். அவரை ஸ்கேனுக்கு அனுப்பியதே மசாஜ் செய்கிறவர்தான் என்றும், இரண்டாவது தடவை அவர் மறுத்திருக்கிறார் என்றும் எழுதினேன். அக்கா சொன்னதை எழுதவில்லை. கையெழுத்துப் போடும்போது வழக்கமான பயம் வந்தது. மறுபடி படித்துப் பார்த்தேன், மாற்ற ஒன்றுமில்லை. ஸ்டேஷனில் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "மேடம், இது உங்களுக்கே வினையா வந்து முடியும்" என்றார். "முடியட்டும் சார்" என்றேன். ஒரு மாதம் கழித்து அந்தப் பெரியவரை அருவிக்கரையில் பழைய இடத்தில் பார்த்ததாக எங்கள் சென்டர் பெண் சொன்னாள். எண்ணெய் மட்டும் தேய்க்கிறாராம். சொடக்கு எடுக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறாராம்.

ரிப்போர்ட் கொடுத்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை, இலஞ்சிக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி. உள்ளே டி.வி. ஓடுகிற சத்தம் கேட்டது. கைத்தடி தரையில் தட்டுகிற சத்தமும், "சரி, சரி" என்கிற குரலும் கேட்டன. அக்கா வந்து கிரில் கேட்டைத் திறக்காமல் நின்றாள்.

"அவிய தூங்குதாவ" என்றாள்.

இன்றுவரை எப்போது போனாலும் அத்தான் தூங்குகிறார்.